பேரியாற்றின் முகத்துவாரத்தில்

முதுகலை வகுப்பில் அகநானூற்றின் 149ஆம் பாடலை நடத்தும் ஒவ்வோராண்டும் ஒரே கேள்வி நம் முன் வந்து நிற்கிறது. யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட முசிறி எது? நம் திருச்சி மாவட்டத்து முசிறியா? காவிரிக்கரையில், குளித்தலைக்கு எதிரே இருக்கும் ஊருக்குக் கடற்கலம் எப்படி வந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், கேரளத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவோம். பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தி வந்தோம். ஆனால் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அப்பாடலில் ஊரை மட்டுமா சொன்னார்? சுள்ளி என்னும் பேரியாற்றையும் அல்லவா சொன்னார். ஆற்றை விட்டுவிட்டு ஊரைத் தேடியது நம் பிழை என்பது மிகத் தாமதமாகவே உறைத்தது.

கேரளம் நீண்டு ஒடுங்கிய நிலம். கடற்கரையின் நீளம் 600 கிலோமீட்டரை நெருங்குகிறது. அகலமோ மிகுந்த இடத்திலும் 120 கிலோமீட்டர் அளவே. அந்தக் குறுகிய இடத்துக்குள் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. சூன் முதல் நாளை ஒட்டி வந்து சேரும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, கொண்டுவந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். அதில் மூன்றில் இரு பங்கு இந்த ஒரு பருவத்தில் பெய்வது. மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு மிஞ்சுவது சாரலும் காற்றுந்தான்.

44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. குறுகிய தூரம், செங்குத்தான இறக்கம். ஆகவே அவை மழைக்காலத்தில் மண்ணை வாரிக்கொண்டு இறங்குகின்றன. கடல் அந்த மண்ணை உள்ளே ஏற்காமல் கரையோரம் திட்டாகத் தள்ளுகிறது. திட்டுக்குப் பின்னால் நீர் தேங்கிக் காயலாகிறது. ஒரு பெருவெள்ளம் வந்தால் திட்டு ஓரிடத்தில் உடையும், வேறோரிடத்தில் வளரும். இந்தக் கரையில் துறைமுகம் என்பது நீர் தற்காலிகமாகக் கொடுத்த இடம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு புறநானூற்றின் 343ஆம் பாடலைப் படித்தால் பரணர் வேறு முகம் காட்டுகிறார். கலங்கள் தந்த பொன் கழித்தோணிகளில் ஏறிக் கரைக்கு வருவதாக அவர் சொல்கிறார். கலமே ஏன் கரைக்கு வரவில்லை? விடை உரோமில் இருக்கிறது. முசிறியை இந்தியாவின் முதல் வாணிகத்தலம் என்று சொல்லும் பிளினி, அங்கே இறங்குவது அவ்வளவு விரும்பத்தக்கதன்று என்றும் எச்சரிக்கிறார். அருகில் கடற்கொள்ளையர், போதாக்குறைக்குக் கப்பல் நிற்குமிடம் நிலத்திலிருந்து தொலைவு, சரக்கைப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவர் குறை. உரோமானியர் குறையாகச் சொன்னதைப் பரணர் அழகாகக் கண்டார். இருவரும் பார்த்தது ஒரே ஆழமற்ற முகத்துவாரத்தை. நம் உரைகளில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர்களைக் கொண்டுவந்ததும் அந்த மழைக்காற்றுதான். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து சூலையை ஒட்டிப் புறப்பட்டுத் தென்மேற்குக் காற்றில் வருவார்கள். காற்று வடகிழக்காகத் திரும்பியபின் மீள்வார்கள். வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏட்டை அறிஞர்கள் 1985இல் வெளியிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஏட்டின் ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபோலோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு. மதிப்பு 70 இலட்சம் செஸ்டர்ஸை ஒட்டியது. ஒரு கப்பலின் கணக்கு இது.

பிறகு முசிறி மறைந்தது. 1341இல் பேரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர் முகத்தை மண்ணால் தூர்த்து, தெற்கே கொச்சியின் முகத்தைத் திறந்ததாக ஒரு மரபு உண்டு. ஓர் இரவில் எல்லாம் நடந்ததென்று நாம் நம்பவில்லை. மண் படிவது நூற்றாண்டுகளின் வேலை. ஆயினும் அவ்வாண்டிலிருந்து புதுவைப்பு என்றொரு ஆண்டுக்கணக்கு வழங்கியிருக்கிறது. புதிதாக வைக்கப்பட்ட நிலம் என்பது பொருள். கொச்சிக்கு எதிரே உள்ள வைப்பின் தீவைக் குறிப்பது. மன்னன் முடிசூடியதற்கு ஆண்டுக்கணக்குத் தொடங்கிய நாட்டில், ஒரு மணல்திட்டு பிறந்ததற்கும் தொடங்கியிருக்கிறார்கள்! இன்றும் பேரியாறு ஆலுவாயில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே முனம்பத்தில் கடலை அடைகிறது, மற்றது தெற்கே கொச்சிக் காயலுக்குப் போகிறது.

1498இல் கோழிக்கோட்டருகே காப்பாட்டில் வாஸ்கோ ட காமா இறங்கியதிலிருந்து தொடங்கும் போர்த்துக்கீசிய, டச்சுக் கதைகளைப் பாடநூல்கள் போதுமான அளவு சொல்லிவிட்டன. நமக்குப் பிடித்தது மலையாளிகள் சொல்லும் ஒரு கதை. போர்த்துக்கீசியர் மிளகுக் கொடியைப் பெயர்த்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்களாம். அரண்மனையில் பதறியவர்களிடம் சாமூதிரி, கொடியைத்தானே கொண்டுபோவார்கள், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாராம். சூன் கடைசியில் தொடங்கும் அந்த மழை நாட்களில்தான் மிளகு பூத்துக் காய் பிடிக்கிறது.

நமக்கும் அந்த ஆற்றுக்கும் உள்ள உறவு சங்கப் பாடலோடு முடியவில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது முதல், மேற்கே போகவேண்டிய நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வருகிறது. மதுரைப் பக்கத்து மாணவன் ஒருவன் அகநானூற்று ஆற்றின் நீரைக் குடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறான். இரு மாநிலங்களும் அணையைப் பற்றிப் பேசும்போது நம் ஆள் என்ன பேசினான், அவர்கள் ஆள் என்ன பேசினான் என்பதே செய்தியாகிறது. வயலுக்கு நீர் வேண்டும் என்னும் கவலையும், அணைக்குக் கீழே உறங்குபவனின் அச்சமும் ஒரே ஆற்றைப் பற்றியவை. 1924 வெள்ளத்தைக் கேரளத்தார் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். மூணாற்றில் ஓடிய சிறு இரயில்பாதை அதில் போனது போனதுதான். 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. அவ்வாண்டு வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் மாநிலமெங்கும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆலுவாயும் பறவூரும் நீருக்குள் இருந்தன. சேந்தமங்கலத்து நெசவாளர்களின் தறிகள் சேற்றில் கிடந்தன.

அந்தப் பறவூருக்கு அருகில்தான் பட்டணம் என்னும் சிற்றூர். 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்கரை மதுச்சாடிகளின் ஓடுகள், கல்மணிகள், மிளகு, மரத்தோணி ஒன்றின் எச்சம், செங்கல் துறை ஆகியவை கிடைத்தன. இதுவே முசிறி என்று பலர் சொல்ல, ஐயுறுவோரும் இருக்கிறார்கள். நாம் சென்றபோது குழிகள் மூடப்பட்டிருந்தன. மேலே சாதாரண வீட்டுத் தோட்டம்: தென்னை, வாழை, துணி காயும் கொடி. மழை மண்ணைக் கழுவிய பிறகு மணிகள் தாமாகவே மேலே வந்து கிடக்கும், சிறு பிள்ளைகளாக இருந்தபோது பொறுக்கி விளையாடியிருக்கிறோம் என்றார் வீட்டுக்காரச் சேச்சி. அவர் பேசியது மலையாளம். ‘மழ’, ‘மண்ணு’, ‘மணி’ என்ற சொற்களுக்கு நமக்கு உரை தேவைப்படவில்லை.