ஆட்குறைப்பு: வேலை இல்லாமல் போனதா, கணக்குப் பிழைத்ததா?



போன கிழமை உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டார். "சேர், கூகுள், மைக்ரோசொப்ட் எல்லாம் ஆயிரக்கணக்கில ஆட்கள வேலைய விட்டு நிப்பாட்டுறாங்க. பிறகு நாங்க ஏன் ஐ.சி.டி. படிக்கணும்?"

மணி அடித்துவிட்டது. ஏதோ சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

1929 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. 1933 ஆகும்போது அங்கே நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வாங்க ஆளில்லாததால் தொழிற்சாலைகள் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. அந்த நேரத்தில் ஐ.பி.எம். என்ற கம்பனியை நடத்தியவர் தோமஸ் வொட்சன். துளை அட்டைகளைக் கொண்டு கணக்குப் பார்க்கும் இயந்திரங்களைச் செய்த கம்பனி அது. கணினி என்ற ஒன்று அப்போது இல்லை.

வொட்சன் ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களையும் உதிரிப்பாகங்களையும் தொடர்ந்து செய்யச் சொல்லி, விற்காததைக் களஞ்சியத்தில் அடுக்கினார். 1932 இல் பத்து இலட்சம் டொலர் செலவில் நியூயோர்க் மாநிலத்தின் எண்டிகொட் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தையும் கட்டத் தொடங்கினார். இது தற்கொலை முயற்சி என்று நினைத்தவர்கள் பலர்.

1935 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கை அரசாங்கம் பராமரிக்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய வேலைக்கு இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் தயாராக இருந்தது ஐ.பி.எம்மிடம்தான். ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. கம்பனி வளர்ந்தது அங்கிருந்துதான்.

வொட்சனை நான் மகானாக்கவில்லை. 1937 இல் ஹிட்லரின் அரசு கொடுத்த பதக்கத்தை ஏற்றுக்கொண்டு, 1940 இல்தான் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் ஆட்களை வைத்திருந்த விடயத்தில் அவர் போட்ட கணக்குச் சரியாக வந்தது. அது தர்மம் பார்த்துப் போட்ட கணக்கு மட்டுமல்ல, வியாபாரக் கணக்கும்தான்.

அதன் பிறகு பல தசாப்தங்களாக ஐ.பி.எம்மில் ஆட்குறைப்பு என்பதே இல்லை. ஒரு பிரிவில் வேலை குறைந்தால் அந்த ஆட்களுக்கு வேறு வேலை பழக்கி வேறு ஊருக்கு அனுப்புவார்கள். ஐ.பி.எம். என்ற எழுத்துகளுக்கு "என்னை இடம்மாற்றிவிட்டார்கள்" என்று ஊழியர்களே பகிடியாக விரிவு சொல்வார்களாம். இடமாற்றம் என்றால் என்ன என்று நம் ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை!

இன்னொரு உதாரணம், ஹியூலெட்-பெக்கார்ட். 1970 இல் ஓடர்கள் குறைந்தன. சம்பளச் செலவை 10 சதவீதம் குறைத்தாக வேண்டும். பத்துப் பேரில் ஒருவரை அனுப்பியிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சம்பளமில்லாத விடுமுறை. மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் 10 சதவீத வெட்டு. ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஓடர்கள் திரும்பி வந்தன, எல்லோரும் முழு வேலைக்குத் திரும்பினார்கள். போனவர்களுக்குப் பதிலாக ஆள் தேடி, எடுத்து, பழக்கும் செலவும் மிச்சம்.

அப்படியென்றால் ஆட்குறைப்பு எப்போதுமே பிழையா? இல்லை. வரலாறு அவ்வளவு இலகுவாக நம் பக்கம் சாய்வதில்லை.

அதே ஐ.பி.எம்மையே பாருங்கள். 1980களின் நடுவில் அங்கே 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். கம்பனி பெரிய கணினிகளை நம்பி இருந்தது. உலகமோ மேசைக் கணினிக்கு மாறிக்கொண்டிருந்தது. 1992 இல் கிட்டத்தட்ட 5 பில்லியன் டொலர் நட்டம். 1993 இல் 8 பில்லியன். அந்த வருடம் ஏப்ரலில் பொறுப்பேற்றவர் லூ கேர்ஸ்ட்னர். அவர் வருவதற்கு முன்பே 25,000 பேரைக் குறைக்கத் திட்டம் இருந்தது. ஜூலையில் அவர் இன்னும் 35,000 பேரைச் சேர்த்தார். ஒரே வருடத்தில் 60,000. ஆயுள் முழுக்க வேலை என்ற நம்பிக்கை அத்தோடு முடிந்தது. ஐ.பி.எம்மை நம்பியே வாழ்ந்த ஊர்கள் நொந்து போயின. கிங்ஸ்டன் என்ற ஊரில் இருந்த அதன் பெரிய தொழிற்சாலை 1995 இல் மூடப்பட்டது.

1930களில் வந்தது மழைக்காலம் மாதிரி. பொறுத்திருந்தால் விடியும். 1990களில் ஆறே திசை மாறிவிட்டது. பொறுத்திருந்து பயனில்லை. கேர்ஸ்ட்னரின் முடிவுக்கு நியாயம் இருந்தது.

ஆனால் ஆட்களைக் குறைத்ததால் மட்டும் ஐ.பி.எம். பிழைக்கவில்லை. கம்பனியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் திட்டத்தை அவர் கைவிட்டார். மற்றக் கம்பனிகளின் கணினி வேலைகளைச் செய்து கொடுக்கும் சேவைத் தொழிலைப் பெருப்பித்தார். 1994 இல் இலாபம் வந்தது. 2000 ஆம் ஆண்டில் ஊழியர் தொகை திரும்பவும் 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

கொவிட் காலத்தில் உலகமே வீட்டுக்குள் இருந்து திரையைப் பார்த்தது. இது இப்படியே நீடிக்கும் என்று நினைத்துக் கம்பனிகள் ஆள் எடுத்தன. பேஸ்புக்கின் தாய்க் கம்பனி மெட்டாவில் 2019 முடிவில் ஏறத்தாழ 45,000 பேர். 2022 செப்டம்பரில் 87,000. அந்த நவம்பரில் 11,000 பேரை நிறுத்தினார்கள். அடுத்த மார்ச்சில் இன்னும் 10,000 பேரை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். தன் கணிப்புப் பிழைத்துவிட்டது, பொறுப்பு தன்னுடையது என்று மார்க் ஸக்கர்பேர்க் ஊழியர்களுக்கு எழுதினார். பொறுப்பை எடுத்தவர் கதிரையிலேயே இருந்தார். வேலையை இழந்தவர்கள் மற்றவர்கள்.

2023 ஜனவரியில் மைக்ரோசொப்ட் 10,000, கூகுள் 12,000, அமேசன் 18,000 என்று வரிசையாக அறிவிப்புகள். கூகுளின் தாய்க் கம்பனி அல்பபெட்டுக்கு அதற்கு முந்திய வருடம் நட்டமா? இல்லை. ஏறத்தாழ 60 பில்லியன் டொலர் இலாபம். ஆட்களை நிறுத்தி மூன்று மாதத்தில், தன் பங்குகளைத் தானே சந்தையில் திரும்ப வாங்குவதற்கு 70 பில்லியன் டொலர் வரை அனுமதித்தது. பங்குதாரர்களுக்குப் பணம் கொடுக்கும் ஒரு வழி அது. நிறுத்தியவர்களுக்கான கொடுப்பனவுகளுக்கே அந்த வருடம் 2 பில்லியன் டொலருக்கு மேல் போனது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெட்டாவின் இலாபம் 2022 இல் 23 பில்லியன், 2023 இல் 39 பில்லியன். "பார்த்தீர்களா, வேலை செய்தது" என்பார்கள். ஆனால் அதே வருடம் விளம்பரச் சந்தையும் மீண்டு, வருமானம் 16 சதவீதம் கூடியது. எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதே காலத்தில் அப்பிள் கம்பனி அப்படிப் பெரிய ஆட்குறைப்பு எதுவும் செய்யவில்லை. காரணம் இரக்கமல்ல. கொவிட் காலத்தில் மற்றவர்கள் மாதிரி அவசரப்பட்டு ஆள் எடுக்கவில்லை.

ஸ்டான்போர்ட் பேராசிரியர் ஜெஃப்ரி பெஃபர் இதைத் தொற்று என்கிறார். ஒருவர் செய்தால் மற்றவரும் செய்கிறார், செய்யாவிட்டால் பங்குச் சந்தை கேள்வி கேட்கும். நோய் ஒருவருக்கு, மருந்து குடிப்பது எல்லோரும்.

அந்த மருந்தின் கசப்பு யாருக்கு? அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் ஒருவர் வேலையை இழந்தால், 60 நாளுக்குள் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அவர்களில் பெரும்பாலானோர் இந்தியர்கள். பாதி வருடத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று ஓர் ஆசிரியனாக யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவின் பெயரில் அடுத்த அலை. மைக்ரோசொப்ட் 2025 மே மாதத்திலும் ஜூலையிலுமாக ஏறத்தாழ 15,000 பேரைக் குறைத்தது. 2025 நிதியாண்டில் அதற்கான தரவு மையங்களுக்கு ஏறத்தாழ 80 பில்லியன் டொலர் செலவழிப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தது. இயந்திரம் மனிதனின் வேலையைச் செய்துவிட்டதால் மட்டும் ஆள் போகவில்லை. இயந்திரத்தின் விலைக்கும் எங்கோ காசு தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆட்குறைப்புச் செய்தி ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த வேலை உண்மையிலேயே இல்லாமல் போய்விட்டதா? இல்லை, மேலே இருந்தவரின் கணக்குப் பிழைத்ததா? பிழைத்திருந்தால், அதன் விலையை அவரும் சேர்ந்து கொடுத்தாரா? 1993 ஐ.பி.எம். முதல் கேள்வியில் தப்புகிறது. 1970 ஹியூலெட்-பெக்கார்ட் மூன்றாவதில் தலை நிமிர்ந்து நிற்கிறது. 2023 கூகுள் எதில் தப்புகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். முதலாளி அல்ல. ஆனாலும் ஒருவரின் உழைப்பும் குடும்பமும் முதலாளியின் கையில் அமானிதமாக இருக்கிறது. நாற்பது பேர் வேலை செய்யும் நம்ம ஊர்க் கடைக்கும் இது பொருந்தும்.

அந்தப் பிள்ளைக்கு நாளைக்குச் சொல்லப் போவது இதுதான், இன்ஷா அல்லாஹ். ஐ.சி.டி. படியுங்கள் மகன். 1993 இல் ஐ.பி.எம்மை விட்டுப் போனவர்களோடு கணினித் தொழில் முடிந்துவிடவில்லை. ஆனால் ஒரு கம்பனியின் பெயரை நம்பிப் படிக்க வேண்டாம். ஒரு கருவியை மட்டும் பழகிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். நாளைக்கு நீங்களே நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்கு வந்தால், ஆளை எடுக்கும்போதே கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

வெளிநாட்டில் இந்தத் துறையில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.