துட்டு எங்கிருந்து வந்தது? – ஒல்லாந்தர் எண்களும் நமது கணக்கும்



“கையில துட்டு இல்லப்பா” என்று நாம் சொல்கிறோம். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் “டூயிட் தாடா” என்கிறார். துட்டு, டூயிட் இரண்டும் ஒரே சொல்தான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழிலிருந்து மலாய்க்குப் போனதும் அல்ல, மலாயிலிருந்து தமிழுக்கு வந்ததும் அல்ல. ஹாலந்து தேசத்தாரின் சிறிய செப்புக்காசுக்கு ‘டெய்ட்’ என்று பெயர். அந்தக் காசு போன இடமெல்லாம் பெயரும் கூடவே போயிற்று. நம் பாட்டன்மார் வாயில் துட்டு ஆனது; மலாய்க்காரர் வாயில் டூயிட் ஆனது.

அவர்களைத்தான் டச்சுக்காரர் என்கிறோம். பழைய தமிழில் ஒல்லாந்தர் என்பார்கள். அவர்கள் எப்படி எண்ணினார்கள், அந்த எண்ணிக்கைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பதை இந்தப் பரிசளிப்பு விழா மலரில் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழ்க் கரையில் ஒல்லாந்தர்

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டை எழுந்தது. 1658-இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துகீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தன. நாகப்பட்டினத்தை 1781-இலும் யாழ்ப்பாணத்தை 1795-இலும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டனர். நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர் அடித்த செப்புக்காசுகளில் தமிழ் எழுத்தும் உண்டு. வாங்குகிறவனும் விற்கிறவனும் தமிழன் என்றால் காசிலும் தமிழ் வேண்டும் அல்லவா?

அவர்களுக்கு வேண்டியது நம் நெசவாளர்களின் துணி. அதைக் கப்பலேற்றி இந்தப் பக்கத்துத் தீவுகளில் கொடுத்து, ஜாதிக்காய், கிராம்பு, மிளகு வாங்கினார்கள். மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்துக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர் இருக்கிறதே, அந்தப் பெலிக்காட் வேறொன்றும் இல்லை, பழவேற்காடுதான்.

ஏற்றிப் போனது துணி மட்டுமா? பஞ்ச காலங்களில் ஏழை மக்களை அடிமைகளாக வாங்கி, பழவேற்காட்டிலிருந்து பத்தாவியா நகருக்கு அனுப்பினார்கள். இன்றைய ஜக்கார்த்தாதான் அன்றைய பத்தாவியா. துணி மூட்டைகளைப் போலவே மனிதர்களும் எண்ணி ஏற்றப்பட்டார்கள். பால்மரத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு நடந்த சங்கதி இது. மாணவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒன்று முதல் பத்து வரை

சரி, ஒல்லாந்தரைப் போல எண்ணிப் பார்ப்போமா? பிள்ளைகளே, சத்தமாகச் சொல்லுங்கள்: ஏன், த்வே, த்ரீ, ஃபீர், ஃபைஃப், ஸெஸ், ஸேஃபன், அஹ்ட், நேஹன், தீன். எட்டிலும் ஒன்பதிலும் வரும் ‘ஹ’ சத்தத்தைத் தொண்டையைக் காறுவது போலச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் டூ, த்ரீ, செவன், டென் என்று படித்தவர்களுக்கு இது பழகிய குரலாகவே கேட்கும். அந்த இரண்டும் அக்காள் தங்கை மொழிகள்.

பதினொன்று எல்ஃப். பன்னிரண்டு த்வால்ஃப். இருபது த்வின்தஹ். நூறு ஹொண்டர்ட்.

இருபதைத் தாண்டியதும்தான் வேடிக்கை. நாம் இருபத்து நான்கு என்று பெரியதை முன்னே வைக்கிறோம். மலாயில் ‘டுவா புலு அம்பாட்’. அதிலும் இருபதுதான் முதலில். ஒல்லாந்தரோ ‘ஃபீர் என் த்வின்தஹ்’ என்பார்கள். அதாவது நான்கும் இருபதும்! காதில் விழுந்த வரிசைப்படியே எழுதுகிறவன் 24-ஐ 42 என்று எழுதிவிடுவான். ஒரே ஓர் எண்ணில் 18 கட்டுத் துணி கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு மொழியும் அறிந்த துபாஷிக்கு அந்த நாளில் அவ்வளவு மதிப்பு.

மணி சொல்வதிலும் இப்படித்தான். ஒல்லாந்தர் ‘ஹால்ஃப் த்ரீ’ என்றால் மூன்றரை என்று நினைக்காதீர்கள். மூன்றாவது மணியில் பாதி, அதாவது இரண்டரை! இந்தோனேசியாவிலிருந்து வந்து நம் தோட்டங்களில் வேலை செய்கிற நண்பர்களைக் கேளுங்கள். அவர்கள் ‘ஸெத்தெங்ஙா தீகா’ என்பதும் இரண்டரைதான். அதை மூன்றரை என்று எடுத்துக்கொண்டால் போக வேண்டிய லாரி போய்விடும்.

ஒல்லாந்தரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். நம் மொழியிலும் விந்தை உண்டு. எண்பதுக்குப் பிறகு ‘ஒன்பதுபது’ என்றா சொல்கிறோம்? தொண்ணூறு என்கிறோம். ஒன்பதுக்குத் தொண்டு என்ற பழைய பெயர் இருந்தது. பரிபாடலில் அது வருகிறது. மலாயில் ஒன்பதுக்குச் ‘செம்பிலான்’ என்று பேர். பத்திலிருந்து ஒன்றை எடுத்தது என்பது அதன் பொருள். ஒவ்வொரு சமூகமும் தன் வழியில் எண்ணியிருக்கிறது. அளவு ஒன்றே, அதைச் சொல்கிற முறைதான் வேறு.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: ஹாலந்தில் 8 டெய்ட் ஒரு ஸ்டைஃபர், 20 ஸ்டைஃபர் ஒரு கில்டர். அப்படியானால் 3 கில்டர் 5 ஸ்டைஃபருக்கு எத்தனை டெய்ட்? வீட்டில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 520 வந்தால் நீங்கள் கெட்டிக்காரர்கள்.

நம் பக்கத்துக் குன்றின் மேல்

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து தெற்கே சுங்கை புசார், செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் தாண்டிப் போனால் கோலசிலாங்கூர். அங்கே மலாவத்தி குன்றில் குரங்குகளுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களே, அங்குள்ள பீரங்கிகளையும் கொஞ்சம் நின்று பாருங்கள். 1641-இல் மலாக்காவைப் பிடித்த ஒல்லாந்தர், 1784-இல் இந்தக் குன்றையும் பிடித்தார்கள். பத்தாவியாவிலிருந்த தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். சுல்தான் இப்ராகிம் பகாங்கின் துணையோடு 1785-இல் அதை மீட்டார். ஒல்லாந்தர் கப்பல்களால் கடலை அடைத்தார்கள். 1786-இல் சமாதானம் ஏற்பட்டது. 1907-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கும் அதே ஆல்டிங்ஸ்பர்க் பெயர்தான்.

எதற்கு இந்தச் சண்டை? ஈயத்துக்கு. சிலாங்கூர் ஈயம் முழுவதும் தங்களுக்கே, தாங்கள் சொல்லும் விலைக்கே வேண்டும் என்பது ஒல்லாந்தர் எண்ணம். அந்த நாளில் ஈயத்தை நிறுத்தது ‘பஹாரா’ கணக்கில். 100 காத்தி ஒரு பிக்குல், 3 பிக்குல் ஒரு பஹாரா. நம் ‘பாரம்’ என்ற சொல்லுக்கு அது உறவு. ஈயத்தை வெட்டி எடுத்தவன் ஒருவன், நிறுத்தவன் ஒருவன், விலை எழுதியவன் வேறொருவன். தராசும் கணக்கேடும் யார் கையில் இருந்தனவோ, லாபமும் அவர்கள் பக்கமே போயிற்று.

நமக்கு இதில் என்ன?

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பால் ஸ்டோரில் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, கிராணி எழுதியதை நம்பி வீட்டுக்குப் போன காலம் உண்டு. இன்று செம்பனைக் குலைக் கணக்கும் சம்பளச் சீட்டும் வருகின்றன. அந்தச் சீட்டைப் பெட்டியில் மடித்து வைத்துவிடாதீர்கள். வேலை செய்த நாள், வெட்டிய குலை, பிடித்த பணம் எல்லாவற்றையும் பிள்ளையை உட்கார வைத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடையாது.

பெற்றோர்கள் பலர், “டீச்சர், கணக்கைத் தமிழ்ல படிச்சா பின்னால பிள்ளை கஷ்டப்படாதா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசாங்கம் முடிவு செய்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போனால் ஐம்பத்தாறு ‘லீமா புலு அனாம்’ ஆகிவிடுகிறது. ஆனால் பாருங்கள், 56 என்றால் எவ்வளவு என்பது தமிழில் மனத்தில் பதிந்துவிட்ட பிள்ளைக்கு, மற்ற மொழியில் அதன் பெயரைக் கற்பது சில வார வேலை. அளவே புரியாத பிள்ளைக்கு நான்கு மொழியில் பெயர் தெரிந்தும் பயனில்லை. ஆகவே முதலில் வீட்டில் தமிழில் எண்ணுங்கள். தேங்காயை எண்ணுங்கள், முட்டையை எண்ணுங்கள், சில்லறையை எண்ணுங்கள். பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் எண்ணச் சொல்லுங்கள். ஆசையிருந்தால் ஏன், த்வே, த்ரீ என்றும் எண்ணட்டும்!

ஒல்லாந்தர் வந்தார்கள், போனார்கள். துட்டு என்ற சொல் நம்மிடம் தங்கிவிட்டது. உழைத்துச் சம்பாதிக்கும் துட்டை எண்ணிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளாக நம் பிள்ளைகள் வளரட்டும். இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் மாணவர்களுக்கும் என் வாழ்த்துகள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!