திருமணியும் தொழுநோய் மருத்துவமும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம், தோலையும் நரம்புகளையும் மெல்லச் சிதைக்கும் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் கோல்வடிவ நுண்ணுயிரால் வரும் தொழுநோயின் மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றது. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் அக்கிருமியைக் கண்டறிந்த பின்னரும், நீரடிமுத்து விதையின் எண்ணெயை ஊசிவழியே செலுத்துவதே பல பத்தாண்டுகள் முதன்மைச் சிகிச்சையாக நீடித்தது. அதன் பயனோ சிறிது, வலியோ பெரிது. மனிதருக்கு நஞ்சாகும் என்று பலரும் ஒதுக்கிய டாப்சோன் என்னும் சல்ஃபோன் வகை மருந்தை, செங்கல்பட்டை ஒட்டிய திருமணியின் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் 1940களில் எண்ணெயில் கலந்து செலுத்தி, குறைந்த அளவில் அது பயன்தரும் என்று காட்டியது போற்றத்தக்க துணிவாகும். அம்மருத்துவமனை 1955இல் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாறியது. டாப்சோனுக்குக் கிருமி அடங்க மறுத்ததால் 1980களில் வந்த கூட்டுமருந்துச் சிகிச்சை, இன்று அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.