சைதாப்பேட்டைக்கு வந்த களைக் கருவி

மயிலாப்பூர் மாடவீதியில கீரை வாங்கறோம், தி.நகர்ல கத்திரிக்காய் வாங்கறோம். விலை கேக்கறோம், பேரம் பேசறோம். ஆனா அந்தச் செடியைச் சுத்தி எத்தனை தடவை களை எடுத்தாங்கன்னு கேக்கறதில்லை. இன்னிக்கு எபிசோட் அந்தக் களையைப் பத்தித்தான்.

இப்போ களை எடுக்க ரோபோ வந்திருக்கு. கேமரா ஒவ்வொரு செடியையும் பார்க்கும். பயிரா, களையான்னு மென்பொருள் முடிவு பண்ணும். களை மேல மட்டும் மருந்து அடிக்கும். சில ரோபோ லேசரால சுடும். 2017-ல் ஜான் டியர் நிறுவனம், லெட்யூஸ் கீரை வயல்ல ஆரம்பிச்ச ப்ளூ ரிவர் டெக்னாலஜி என்ற கலிஃபோர்னியா கம்பெனியை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. பெங்களூருவின் டார்ட்டன்சென்ஸ், பருத்தி வயலுக்கு ஒரு சின்ன ரோபோ செய்தது.

களைக்கு வெளிநாட்டு மெஷின் என்பது சென்னைக்குப் புதுசு இல்லை. 1860-களில் கவர்னர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, குதிரை இழுக்கும் களைக் கருவி எல்லாம் வரவழைத்தார். ஓட்டிப் பார்க்க சைதாப்பேட்டையில் ஒரு அரசுப் பண்ணை. இன்னிக்குத் தி.நகர்லேர்ந்து நடந்தே போயிடலாம்.

அந்தக் குதிரைக் கருவிக்குப் பின்னாடி ஒரு யோசனை இருக்கு. 1731-ல் ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேயர் எழுதினார்: விதையை நேர் வரிசையில் போடு, நடுவுல குதிரையை விட்டுக் களை எடு. அதாவது, மெஷின் வர்றதுக்கு முன்னாடி வயல் கோடு போட்ட நோட்டா மாறணும். நம்ம ஊர்ல துண்டு நிலம், கையால வீசின விதை, சின்ன மாடு. அந்த மெஷின்கள் விவசாயிகள்கிட்ட பரவலை. பண்ணையோடு வளர்ந்த வேளாண் பள்ளி மட்டும் நிலைச்சது. 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது.

அப்போ நம்ம ஆளுங்களுக்குக் களை எடுக்கத் தெரியாதா? ஜான் வோல்க்கர் என்ற விஞ்ஞானி 1889-ல் இந்தியா வந்து சுத்திப் பார்த்தார். 1893-ல் வெளியான அறிக்கையில், இந்திய விவசாயிகள் நிலத்தைக் களையில்லாமல் வைத்திருப்பதை வியந்து பாராட்டினார்.

அந்தச் சுத்தம் யாரோட முதுகுல நடந்தது? மயிலாப்பூர்க்காரர்னு நாம கொண்டாடற வள்ளுவர், உழுவது, எரு போடுவது, நீர் பாய்ச்சுவதோடு களை எடுப்பதையும் ஒரே குறளில் சேர்த்துச் சொல்றார். யார் குனிஞ்சாங்கன்னு சொல்லலை. தமிழ்நாட்டு வயலைப் பார்த்தா பதில் தெரியும். களைக்கொட்டோட குனிஞ்சது பெரும்பாலும் பெண்கள்தான்.

2000-களில் திருந்திய நெல் சாகுபடி வந்தது. நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமா நட்டு, கோனோ வீடர் என்ற உருளைக் கருவியை நின்னபடியே தள்ளலாம். முதுகுக்கு நிம்மதி. ஆனா பல இடங்களில் கருவி வந்ததும் வேலை ஆண்கள் கைக்குப் போனது. கருவி கனம், ‘மெஷின்னா ஆம்பளை வேலை’ என்ற எண்ணம் அதைவிடக் கனம். குனியறது நின்னது, கூடவே பெண்களோட கூலியும் நின்னது.

கேமரா ரோபோ ஒரு பழைய முடிச்சை அவிழ்க்கலாம். செடியை ஒவ்வொண்ணா அடையாளம் காணும் கருவிக்கு, வயல் முழுக்க நேர்கோடா இருக்கணும்னு கட்டாயம் குறையும். வெண்டையும் கத்திரியும் கலந்து நிக்கற அரை ஏக்கர் தோட்டத்துக்கும் அது இறங்கி வரலாம். ஆனா அதை யார் வாங்குவாங்க, யார் இயக்குவாங்க என்பதை எந்தக் கேமராவும் முடிவு பண்ணாது. களைக்கொட்டு பிடிச்ச அதே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாடகைக்கு ஓட்ட வைக்கலாம். இல்லைன்னா கோனோ வீடர் கதைதான் திரும்ப நடக்கும். சைதாப்பேட்டையில் மெஷினை முதல்ல வாங்கிட்டு, வயலை அப்புறம் பார்த்தாங்க. இந்தத் தடவை வயலையும், வயல்ல நிக்கறவங்களையும் முதல்ல பார்க்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.