கேஸா, கரியா, பெல்லட்டா? பார்பிக்யூ அடுப்பு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோலா சிலாங்கூர் வட்டாரத்துக்காரர்களுக்கு மீன் சுட்டுச் சாப்பிட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெராம் பக்கம் போனால் ஈக்கான் பாக்கார் கடைகள் இருக்கின்றன. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டியிடம் கேட்டால், விறகடுப்புத் தணலில் கருவாடு சுட்ட கதை கிடைக்கும்.

ஆனால் அதே வேலைக்கு இப்போது கடைகளிலும் இணையத்திலும் மூன்று வகை அடுப்புகள் விற்கப்படுகின்றன: கரி, கேஸ், பெல்லட். விலை சில பத்து ரிங்கிட்டில் தொடங்கி சில ஆயிரம் ரிங்கிட் வரை போகிறது. விளம்பரத்தில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் போன்ற இடங்களில், தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்திலோ பின்பக்கச் சந்திலோ வைத்துச் சமைக்க எது சரிப்படும் என்பதுதான் கேள்வி.

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மாதம் ஒன்றிரண்டு முறை மட்டும் சுடுபவர்களுக்குக் கரி அடுப்பு போதும். வாரா வாரம், அதுவும் வேலை முடிந்து வந்து இரவில் சமைப்பவர்களுக்கு கேஸ் பொருந்தும். இந்த வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு பெல்லட் அடுப்பு தேவையில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

'கேஸ்ல சுட்டா ருசி வராது' என்பார்கள். இது பாதிதான் உண்மை.

நன்றாகப் பிடித்து, மேலே சாம்பல் பூத்த கரியில் புகை மிகக் குறைவு. விறகைக் கரியாக்கும்போதே அதிலிருந்த நீரும், புகையைத் தரும் பொருட்களும் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன. சுட்ட கோழியின் அந்த வாசனையில் பெரும்பகுதி, கொழுப்பும் மசாலா நீரும் சூடான இடத்தில் சொட்டி, ஆவியும் புகையுமாக எழுந்து இறைச்சியிலேயே மறுபடி படிவதால் வருவது. கேஸ் அடுப்பில் பர்னருக்கு மேல் இரும்புத் தகடு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கரியின் பலம் என்ன? வெப்பம். தணல் மேல்நோக்கி வீசும் கதிர்வெப்பம் மிகக் கடுமையானது. மீன் தோலை மொறுமொறுப்பாக்கிவிடும். விலை குறைந்த கேஸ் அடுப்புகள் பலவற்றால் அந்த அளவுக்கு வர முடியாது. பெல்லட்டின் கதை வேறு. அது உண்மையாகவே மரப்புகையைத் தரும், ஆனால் மெதுவாக, பல மணி நேரம் எடுத்து.

தோட்டத்து விறகிலிருந்து பை கரிக்கு

ரப்பர் தோட்டக் காலத்தில் எரிபொருளுக்குக் காசு கொடுத்தவர்கள் குறைவு. பால்மரக் காட்டில் விழுந்த கிளைகளும், மறுநடவுக்கு வெட்டிய பழைய மரங்களும் அடுப்புக்கு வந்தன. பின்னர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. ஈரமும் நாருமாக இருக்கும் செம்பனைத் தண்டு நல்ல விறகல்ல. லயத்தை விட்டு தாமானுக்கு வந்த குடும்பங்களின் சமையலறையில் கேஸ் குடியேறியது. ஆக, இன்றைய தலைமுறை கரியைக் கடையில் பையாகத்தான் பார்க்கிறது.

அந்தப் பையில் இருப்பது பல நேரங்களில் அலையாத்தி மரக் கரி, அதாவது ஆராங் பாக்காவ். கோலா சிலாங்கூர் கரையிலும் அலையாத்திக் காடு உண்டு என்பதால், நம்ம ஊர் மரத்தை வெட்டித்தான் கரி செய்கிறார்களோ என்று சிலர் சங்கடப்படுவார்கள். நாட்டில் இந்தக் கரிக்குப் பேர்போன இடம் பேராக்கில், தைப்பிங்குக்கு அருகே உள்ள கோலா செபெத்தாங். அங்குள்ள மாத்தாங் காப்புக்காடு சுமார் 40,000 ஹெக்டர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு நிர்வகிக்கப்படும் காடு அது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால், மீண்டும் நட்டு, சுமார் 30 ஆண்டுகள் கழித்தே மறுபடி வெட்டுகிறார்கள்.

அங்கே கவிழ்த்த சட்டி போன்ற பெரிய செங்கல் சூளைகளில் பட்டை உரித்த கட்டைகளை நிமிர்த்தி அடுக்கி, வாயிலில் மட்டும் நெருப்பு மூட்டுவார்கள். கட்டைகள் எரிவதில்லை, வெப்பத்தில் நீரை இழந்து மெல்லக் கரியாகின்றன. சூட்டை ஏற்றுவது, வாயிலை அடைத்துப் புழுங்க விடுவது, ஆற விடுவது எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். 40 டன் கட்டை போட்டால் கிடைப்பது சுமார் 10 டன் கரி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு பையை மொத்தமாகக் கொட்டி வீணாக எரிக்க மனம் வராது.

வாங்கும்போது ஒரு துண்டை இன்னொன்றோடு தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று உலோகம் போல ஒலித்தால் நன்றாக வெந்த கரி. மந்தமாக ஒலித்தால் உள்ளே இன்னும் மரம் இருக்கிறது, அல்லது ஈரம் இருக்கிறது. அது புகையும், வெடிக்கும். அடியில் தூளாகக் கிடக்கும் பையை விட்டுடுங்க. சிரட்டைக் கரியும் நல்ல தேர்வுதான். துண்டுகள் சிறியவை, சூடு அதிகம், சாம்பல் குறைவு. பொடித்து, மரவள்ளி மாவு போன்ற பசையில் பிடித்த கட்டிகளாகவும் கிடைக்கும். பற்றவைத்தவுடன் எரியும் வகையில் ரசாயனம் தடவிய கரியைச் சமையலுக்குத் தவிர்ப்பது நல்லது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பற்றவைக்க, அடியில் துளையிட்ட ஓர் உயரமான தகர உருளை போதும். கீழே பழைய நாளிதழ், மேலே கரி. 15 அல்லது 20 நிமிடத்தில் மேல் துண்டுகள் வரை சாம்பல் பூத்துவிடும். பிறகு தணலை அடுப்பின் ஒரு பக்கமாக மட்டும் ஒதுக்குங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். கோழித் தொடையை முதலில் காலிப் பக்கத்தில், மூடி போட்டு வேகவிட்டு, கடைசியில் தணல் மேல் சிவக்க வைக்கலாம். 'வெளியே கருகிடுச்சு, உள்ளே இரத்தம்' என்ற பழைய புகாருக்கு இதுதான் மருந்து. கிச்சாப் மானிஸ், சர்க்கரை கலந்த மசாலாவை முடிவில் தடவுங்கள். முன்னாடியே தடவினால் கருகும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்க வேண்டும். குத்திப் பார்க்கும் சிறிய வெப்பமானி ஒன்று எந்த விலை உயர்ந்த அடுப்பையும் விடப் பயன்படும்.

அடுப்பே எளிமையானதாக இருக்கலாம். மூடியோடு கூடிய உருண்டைக் கரி அடுப்பு 1952-இல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் பிறந்தது. வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவை செய்யும் அரைக்கோளத்தில் கால் பொருத்தி உருவாக்கினார். எண்ணெய்த் தோம்பை நெடுக்காக அறுத்து அடுப்பாக்கும் நம்மூர் வழக்கமும் அதே யோசனைதான். மூடி மட்டும் செய்துகொண்டால் போதும்.

மழை வந்தால் உள்ளே இழுக்காதீர்கள்

கரியின் உண்மையான ஆபத்து தீக்காயம் அல்ல, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. தணல் அணைந்தது போல் தெரிந்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். மாலையில் மழை கொட்டினால் அடுப்பைச் சமையலறைக்குள் இழுத்து வருவது, குளிருக்காக முகாம் கூடாரத்துக்குள் வைப்பது, மீதித் தணலோடு காரில் ஏற்றுவது, மூன்றுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் சுடுவதாக இருந்தால் காரை வெளியே எடுத்து, கேட்டைத் திறந்து வைத்து, திறந்த பக்கத்துக்கு அருகில் வையுங்கள்.

அடுத்தது சாம்பல். வட சிலாங்கூரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ராஜா மூசா காப்புக்காட்டைச் சுற்றி, பெஸ்தாரி ஜெயா பக்கமெல்லாம் பெருமளவு 'தானா காம்புட்', அதாவது மட்காத இலைதழை பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உருவான மண். காய்ந்துவிட்டால் மண்ணே எரிபொருள். தீ மேலே தெரியாமல் அடியில் நகரும்; தீயணைப்பு வீரர்கள் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். வடிகால் வெட்டி நீர் வற்றிய பகுதிகளில் வறண்ட மாதங்களில் இப்படி மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

எனவே சாம்பலை வீட்டின் பின்புறப் புதரிலோ தோட்ட ஓரத்திலோ கொட்டக் கூடாது. ஒருநாள் கழிந்த பிறகும் உள்ளே தணல் இருக்கலாம். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, நீர் ஊற்றிக் கிளறி, கைவைத்தால் குளிர்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகே குப்பைக்கு. பிளாஸ்டிக் வாளி வேண்டாம்.

கேஸ்: கணக்கும் கசிவும்

தீபகற்பத்தில் மானிய விலை எல்பிஜி கிலோ 1 ரிங்கிட் 90 சென். 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். இரண்டு மூன்று பர்னர் உள்ள நடுத்தர அடுப்பு, முழுத் தீயில் மணிக்கு சுமார் 0.7 கிலோ எரிக்கும். அப்படியென்றால் ஒரு தோம்பு ஏறத்தாழ 20 மணி நேரம். மணிக்கு சுமார் 1 ரிங்கிட் 30 சென். எரிபொருள் செலவில் வேறெதுவும் இதை நெருங்க முடியாது. பத்து நிமிடத்தில் சூடாகும், முடிந்ததும் திருகை மூடினால் வேலை முடிந்தது. அடுப்பின் விலைதான் அதிகம். கடற்காற்றுள்ள தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் மெல்லிய இரும்பு பர்னர்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாங்கும்போது பர்னர் என்ன உலோகம் என்று கேளுங்கள். இந்த மலிவு விலை வீட்டு உபயோகத்துக்கானது. பாசார் மாலாமில் கடை போடும் எண்ணம் இருந்தால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் விதிகளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வெளிநாட்டு அடுப்பு வாங்குபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது ரெகுலேட்டரில். அதோடு வரும் இணைப்பு இங்குள்ள தோம்பின் வால்வில் பொருந்தாமல் போகலாம். இயற்கை எரிவாயுக்காகச் செய்த அடுப்பு எல்பிஜிக்குச் சரிவராது. சிரிம் முத்திரையுள்ள ரெகுலேட்டரும் ஹோஸும் வாங்குங்கள். டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து லோங்காங்கில் இறங்கித் தேங்கும். வாசலில் லோங்காங் ஓரம் தோம்பை வைப்பது அதனால்தான் நல்லதல்ல. தோம்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சவர்க்கார நீர் தடவுங்கள், குமிழ் வந்தால் கசிவு. பற்றவைக்கும்போது அடுப்பு மூடி திறந்தே இருக்க வேண்டும்.

பெல்லட் ஏன் இங்கே ஒத்துவரவில்லை?

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள்தான் பெல்லட். மின்மோட்டாரில் சுழலும் திருகு அவற்றைச் சிறிது சிறிதாக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும், விசிறி காற்று ஊதும், கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் 1980-களில் உருவாக்கிய முறை இது. ஆட்டுத் தொடையை 110 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அந்த வகையில் அருமையான கருவி.

ஆனால் அமெரிக்காவில் இது புகழ்பெற்றதில் மாட்டு நெஞ்சுக்கறிக்குப் பெரிய பங்குண்டு. நம்மில் பல வீடுகளில் அது சமைப்பதே இல்லை. பத்து நிமிடத்தில் வேகும் சியாகாப் மீனுக்கு அரை மணி நேரம் முன்பே இயந்திரத்தைச் சூடாக்குவது வீண். மின்சாரம் வேண்டும், மழையில் நனையக் கூடாது. அமெரிக்காவிலிருந்து நேரடியாக வரவழைத்தால் 120 வோல்ட் மாடலாக இருக்கும், இங்கே 240. பெல்லட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. இந்தப் புழுக்கத்தில் பையைத் திறந்து வைத்தால் உப்பித் தூளாகி, திருகு அடைத்துக்கொள்ளும்.

நம் நாட்டிலும் ரப்பர் மரத்தூளிலும் செம்பனைக் கழிவிலும் பெல்லட் செய்கிறார்கள். அது தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கானது. விலை மலிவு என்று அதில் உணவு சமைக்கக் கூடாது. பசை, சாயம் கலந்த மரமும் அதில் இருக்க வாய்ப்புண்டு. உணவுக்கென்றே குறிப்பிட்டு விற்கும் பெல்லட்டின் விலையை, அடுப்பு வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

உடலுக்கு எது குறைந்த கெடுதல்?

கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் இருக்கும். கருகிய இறைச்சியில் வேறு சில சேர்மங்கள் உருவாகும். பென்சோபைரீனை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியுள்ளது. இதில் கேஸுக்குச் சற்றுச் சாதகம் உண்டு, தீயைக் குறைப்பது எளிது என்பதால். ஆனாலும் அடுப்பின் வகையைவிடச் சமைக்கும் விதம் முக்கியம்: கொழுப்பை நறுக்கி எடுப்பது, அடிக்கடி திருப்பிப் போடுவது, தீ எழும்பினால் இறைச்சியை நகர்த்துவது, கருகியதை வெட்டி எறிவது. ஈக்கான் பாக்கார் கடையில் மீனுக்கு அடியில் வாழை இலை விரிக்கிறார்களே, அது கொழுப்பு தணலில் சொட்டாமலும் காக்கிறது.

புகைமூட்ட நாளில் சுடலாமா? 2005 ஆகஸ்ட் 11-ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கோலா சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டது. திறந்தவெளி எரிப்புக்குத் தடை விதிக்கும்போது உணவு வாட்டுவதற்கு விலக்கு அளிப்பது வழக்கம். இருந்தாலும் குறியீடு 100-க்கு மேல் போன நாளில், பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ வயதானவரோ இருந்தால், கரியை மூட்டாமல் வீட்டுக்குள் தோசைக்கல்லிலேயே மீனை வாட்டிக்கொள்ளலாம்.