தபாலில் தவறிய சீட்டு

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடையும் பாதை, இரு ராஜ்யங்களின் எல்லையைத் தொடுவது; அவ்வெல்லைக்கு அப்பால் கேரள அரசு 1967-இலும், இப்பால் தமிழக அரசு 1968-இலும் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏலத் தோட்டத்துக் கூலியில் மிச்சம் பிடித்த ஒற்றை ரூபாயும் பெரியதோர் ஆசைக்கு வித்தாயிற்று.

ஏஜெண்டுகள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, மணியார்டர் பெற்றுத் தபாலில் சீட்டனுப்பிய காலம் அது. வழியில் சீட்டு தொலைந்தால் என் செய்வது? பரிசுச் சீட்டு கையில் வைத்திருப்பவனுக்கே உரியது. மூலச் சீட்டை ஒப்படையாதவனுக்குப் பணமில்லை. 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டத்தின் 6-ஆம் பிரிவோ, வெளிப்படையாகப் பொறுப்பேற்றாலன்றி, தபாலில் நேரும் இழப்புக்கு அரசு கடமைப்பட்டதன்று என உரைத்தது. ஆகவே விவேகமுள்ளவர்க்கு அன்று உகந்த வழி ரிஜிஸ்தர் தபாலாகவே இருந்தது: அனுப்பியவரிடமுள்ள ரசீது எண்ணைக் கொண்டு, உறை எங்கே தங்கிற்று என்று விசாரிக்க முடிந்தது; அவ்விசாரணையும் குலுக்கலுக்கு முன்பே முடிந்தாக வேண்டியிருந்தது. ஒரு ரூபாய்ச் சீட்டுக்குப் பதிவுக் கட்டணமும் வேறா என்று தயங்கிய ஏழையை நான் குறைகூற மாட்டேன்.

2003-இல் தமிழகம் லாட்டரியைத் தடை செய்தது; மலைக்கு அப்பால் அது இன்றும் நடைபெறுகிறது.