ஆட்பஞ்சம் என்னும் கூக்குரல்

நெல்லுக்குப் பஞ்சம் வருவதுண்டு, நீருக்கும் வருவதுண்டு. கற்ற மாந்தருக்கே பஞ்சம் வந்துவிட்டது என்று ஐக்கிய அமெரிக்காவிலே 1997ஆம் ஆண்டில் ஒரு கூக்குரல் எழுந்தது. கணினிக்கு நிரல் எழுதுவோர் கிடைத்திலர் என முறையிட்டோர் தொழில் அதிபர்கள். 190,000 இடங்கள் வெற்றிடமாய் உள்ளன என்றது அவர்தம் சங்கம். 1998 சனவரியில் அத்தொகை 346,000 ஆயிற்று. வர்த்தகத் திணைக்களமும் ஆட்பஞ்சம் உண்டென அறிக்கை விடுத்தது.

இக்கணக்கை ஆராய்ந்தது காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம். சங்கத்தின் வினாக்களுக்கு விடையளித்த நிறுவனங்கள் நூற்றுக்கு 14 மாத்திரமே! திணைக்களமோ கணினியியற் பட்டதாரிகளையே பெரிதும் எண்ணியிருந்தது. அத்தொழில் புரிந்தோரிலே அப்பட்டம் பெற்றவர் ஏறத்தாழக் காற்பங்கினர்தாம். கணிதமும் பிறவும் கற்று வந்தோரே மிகுதி.

அங்ஙனமாயின் ஆள் கிடையாமைக்குக் காரணம் யாது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் மற்லொவ் 1998இல் காங்கிரசின் முன் சாட்சியமளிக்கையில், ஆள் எடுக்கும் முறையையே சுட்டினார். விண்ணப்பிப்போருள் நூற்றுக்கு இருவரளவினரையே நிறுவனங்கள் ஏற்கின்றன என்றார். இன்ன நிரல்மொழியில் இத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது விளம்பரம். இருபதாண்டு நிரல் எழுதியவர் புதுமொழியொன்றைச் சில வாரங்களிற் பயின்றுகொள்வார். எனினும் நாற்பது வயதைக் கடந்த அவர் நேர்முகத்துக்கே அழைக்கப்படார். சந்தையிலே மீன் அருகினால் விலை ஏறும். ஆள் அருகியிருப்பின் சம்பளம் அதற்கேற்ப ஏறவில்லையே என மறுத்தோர் வினவினர். நல்ல வினாவே அது.

இணையம் பெருகிய அக்காலத்தே வேலை மிகுந்தது மெய். அதனை மறைத்தல் நேர்மையன்று. மிகுந்த வேலைக்கு எவரை எடுப்பது என்பதே வழக்கு.

வழக்கிலே வென்றவர் தொழில் அதிபர்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி வீசாவுக்கு ஆண்டுதோறும் 65,000 என எல்லை வகுத்திருந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 115,000 ஆகவும், 2000ஆம் ஆண்டுச் சட்டம் 195,000 ஆகவும் உயர்த்தின. அவ்வாண்டிலேயே பங்குச்சந்தை சரியத் தொடங்கிற்று. 2001இல் நிரல் எழுதுவோர் கூட்டங் கூட்டமாய் வேலை இழந்தனர். சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் சென்ற இளைஞரும் அவருள் அடங்குவர். அவர்தம் வீசா வேலைகொள்வோருடன் பிணைந்தது. வேலை போயின் நாட்டிலே தங்கி வேறு வேலை தேட அந்நாளிற் சட்டம் தவணை ஏதும் வழங்கவில்லை. 60 நாள் வரையான தவணை வந்தது 2017ஆம் ஆண்டிலேதான்.